மனச்சிதைவு உள்ள கதாபாத்திரம்: அறிகுறிப் பட்டியலுக்கு முன் காலவரிசை

கேள்வி: நாவல் ஒன்று எழுதுகிறேன். கல்லூரி முடித்த இளைஞன் ஒருவனுக்குக் காதில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டாரைச் சந்தேகப்படுகிறான். சினிமாத்தனம் இல்லாமல், அந்த நோய் உள்ளவர்களைப் புண்படுத்தாமல் எப்படி எழுதுவது?

நீங்கள் சொல்வது ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய். அறிகுறிகளை இணையத்தில் தேடிச் சேர்ப்பதற்கு முன் ஒரு தாளில் காலவரிசை போடுங்கள். எந்த வயதில் மாறத் தொடங்கினான், வீட்டார் எப்போது கவனித்தார்கள், முதலில் எங்கே அழைத்துப் போனார்கள், எப்போது மாத்திரை தொடங்கியது, எப்போது நிறுத்தினான். கதைகளில் வரும் மனநோய்ப் பிழைகளில் பெரும்பாலானவை காலப் பிழைகள்தான். ஒரே இரவில் நோய் வருகிறது, ஒரே ஊசியில் போகிறது, மாத்திரையை விட்ட மறுநாளே கத்தி எடுக்கிறான். இந்த மூன்றுமே நடப்பதில்லை.

ஆண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள் தொடங்கும். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி வரும். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு, புகுந்த வீட்டில் தொடங்குவது உண்டு. பிரசவமான இரண்டு வாரத்துக்குள் திடீரென்று வரும் மனநிலைக் குழப்பம் வேறு நோய். அதன் வேகமும் வேறு, முடிவும் வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

குரல் கேட்பதற்கு முன்பே பல மாதங்கள், சிலருக்கு ஓரிரு ஆண்டுகள், ஒரு சரிவு இருக்கும். எழுதுபவர்கள் தாண்டிப்போகும் பகுதி இது. நண்பர்கள் குறைவார்கள். இரவில் விழித்திருந்து பகலில் தூங்குவான். அரியர் விழும். குளிப்பது குறையும், ஒரே சட்டையைப் போடுவான். முகத்தில் உணர்ச்சி காட்டாமல் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வான். வீட்டார் இதைச் சோம்பல் என்பார்கள், காதல் தோல்வி என்பார்கள், செல்போனால் கெட்டுப்போனான் என்பார்கள். கடைசியில் ஒரு சித்தப்பா வந்து, "ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வார். நாவலில் இந்தப் பகுதிக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். நோய் முற்றிய பிறகு வரும் காட்சிகளை நம்ப வைப்பது இதுதான்.

இனி குரல். மனச்சிதைவில் காதில் கேட்பதுதான் அதிகம், கண்ணில் தெரிவது குறைவு. செத்துப்போன மனைவி முழு உருவத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து, படம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பது இந்த நோயின் வழக்கமான இயல்பல்ல. கண்ணுக்குப் பூச்சி தெரிகிறது, கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால், தினமும் குடித்தவர் குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் குழப்பமாக அது இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்தான அவசர நிலை. வயதானவருக்குத் திடீரென்று உருவங்கள் தெரிந்தால் காய்ச்சல், தொற்று, மறதி நோய் என்று மருத்துவர் வேறு பக்கம் தேடுவார். ஒரே ஆளுக்குள் இரண்டு மூன்று பெயர்களில் ஆட்கள் மாறி மாறி வருவது முற்றிலும் வேறு கோளாறு, மனச்சிதைவோடு அதற்குச் சம்பந்தமில்லை.

குரல் மண்டைக்குள் ஓடும் எண்ணம் போல இருக்காது. பெரும்பாலும் வெளியிலிருந்து, பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவது போலவே கேட்கும். இரண்டு பேர் அவனைப் பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள். அல்லது அவன் செய்வதை ஒருவர் வர்ணனை செய்வார்: "எந்திரிக்கிறான் பாரு, தண்ணி குடிக்கப் போறான் பாரு." சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மடேயோ ஆகிய மூன்று ஊர்களிலும் குரல் கேட்பவர்களிடம் பேசி, மானிடவியலாளர் டான்யா லூர்மனும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்கர்கள் முகம் தெரியாத, வன்முறையான குரல்களைப் பற்றி அதிகம் சொன்னார்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது உறவினர்களின் குரல். குளி, சமை, வேலையைப் பார் என்று வீட்டுப் பெரியவர்கள் போல அதட்டும் குரல்கள் அவற்றில் இருந்தன. தமிழ்க் கதாபாத்திரத்துக்குச் 'சாத்தானின் குரல்' தேடிப் போகவேண்டாம். அத்தையின் குரலே போதும். ஆனால் அது எப்போதும் சாந்தமாக இருக்காது, அசிங்கமாகத் திட்டவும் செய்யும்.

நாவலில் எழுதும்போது அந்தக் குரலுக்குச் சாய்வெழுத்து, எதிரொலி, மூன்று புள்ளிகள் எதுவும் போடாதீர்கள். மற்ற மனிதர்களின் பேச்சை எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். அவனுக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் விஷயம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது வேறு: பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று ஒரு பக்கம் தலையைச் சாய்ப்பான், உதடு அசையும், காரணமில்லாமல் சிரிப்பான், குரலை அமுக்கச் சத்தமாகப் பாட்டு வைப்பான்.

சந்தேகத்துக்கும் இதே விதி. அது கற்பனை வளம் அல்ல, அசையாத நம்பிக்கை. அதற்கு அவன் ஆதாரமும் வைத்திருப்பான். பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் கேமரா வைத்தார், மறுநாள் செய்தி வாசிப்பவர் நீலச் சட்டை போட்டார், ஆகவே இருவருக்கும் தொடர்பு. இந்த நம்பிக்கைகள் அந்தந்தக் காலத்தின் பொருட்களை எடுத்துக்கொள்ளும். 1970-களில் வானொலியும் செய்வினையும், இப்போது வாட்ஸப் ஸ்டேட்டஸும் கண்காணிப்புக் கேமராவும். யாராவது தர்க்கம் பேசி அவனை மாற்றிவிடுவதாக எழுதாதீர்கள். வாதாடினால், வாதாடியவரும் சதியில் சேர்ந்துவிடுவார். அனுபவமுள்ளவர்கள் மறுக்கவும் மாட்டார்கள், ஆமோதிக்கவும் மாட்டார்கள். "ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாம உனக்குக் கஷ்டமா இருக்குமே" என்று அவன் வேதனையைப் பிடித்துப் பேசுவார்கள். தனக்கு நோய் இருப்பதாகவே அவனுக்குத் தெரியாமல் இருப்பது மிகச் சாதாரணம். அதனால் அவன் தானாக மருத்துவரிடம் போய்க் "குரல் கேட்கிறது" என்று சொல்வது அரிது. தூக்கம் வரவில்லை என்று வேண்டுமானால் வருவான்.

பேச்சு சிதறுவதை எழுதும்போது சம்பந்தமில்லாத சொற்களை அள்ளிக் கொட்டக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடுத்ததோடு ஒரு மெல்லிய தொடர்பு இருக்கும், பாதை மட்டும் விலகிக்கொண்டே போகும். உதாரணமாக:

"குழாயில தண்ணி வரல. தண்ணிக்கு ஆபீசர் கையெழுத்து போடணும். கையெழுத்து அப்பா மாதிரியே போடுறான். அப்பா வண்டி நம்பர் நாலு. நாலு பேருக்குத் தெரிஞ்சு போச்சுண்ணே."

இப்படி ஓரிரு இடங்களில் போதும். பக்கம் பக்கமாக எழுதினால் வாசகர் அவனை மனிதனாகப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். நோய் முற்றிய நாட்களிலும் அவன் டீக்கடையில் சில்லறை சரியாக வாங்குவான், தங்கையின் தேர்வுத் தேதியை நினைவு வைத்திருப்பான்.

வைத்தியத்துக்கு வருவோம். பெரும்பாலான குடும்பங்கள் நேரே மனநல மருத்துவரிடம் போவதில்லை. முதலில் மந்திரித்த கயிறு, குணசீலம் போன்ற கோயில், ஏர்வாடி போன்ற தர்கா, நடுவே ஒரு பொது மருத்துவர். இதை ஏளனமாக எழுத வேண்டாம். பயத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு அங்கேதான் முதல் ஆறுதல் கிடைக்கிறது. சங்கிலிக் காட்சி வைப்பதாக இருந்தால் ஆண்டைப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்தக் காப்பகங்கள் அதன்பின் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. இன்றைய கதையில் சங்கிலி வந்தால் அது சட்டமீறல் என்பது எழுதுபவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில் முதல் நாளே "இது ஸ்கிசோஃப்ரினியா" என்று அறிவிப்பது அரிது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதமும், அமெரிக்க வகைப்பாட்டில் மொத்தம் 6 மாதமும் நீடித்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் சீட்டில் 'சைக்கோசிஸ்' என்று மட்டும் எழுதுவார்கள். நிஜத்திலிருந்து விலகிய மனநிலைக்கான பொதுப்பெயர் அது. கஞ்சா பழக்கம் உண்டா என்று கேட்பார்கள், ரத்தம், தைராய்டு பார்ப்பார்கள். ஸ்கேன் எடுத்தாலும் அது வேறு காரணங்களை விலக்குவதற்குத்தான். ஸ்கேனில் இந்த நோய் தெரியாது. சோபாவில் படுக்க வைத்து ஹிப்னாடிசம் செய்து, மறைந்திருந்த குழந்தைப் பருவ ரகசியத்தை வெளியே எடுத்ததும் குணமாவது நடக்காது.

மாத்திரைகளில் இன்று வழக்கமாக வருபவை ரிஸ்பெரிடோன், ஓலான்சபின். ஓலான்சபின் பெரும்பாலும் இரவில், ஒரு நாளைக்கு 5 முதல் 20 மில்லிகிராம் வரை. முதல் சில நாட்களில் தூக்கமும் பரபரப்பும் சீராகும். குரல் மங்குவதற்கு இரண்டிலிருந்து ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மங்கும் விதத்தையும் எழுதலாம்: சத்தம் குறையும், இடைவெளி கூடும், பிறகு "கேக்குது, ஆனா நான் கண்டுக்கிறதில்ல" என்பான். நம்பிக்கை உடைந்து நொறுங்காது. அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுவான்.

பக்கவிளைவுகளைத் தவிர்க்காதீர்கள். மாத்திரையை ஏன் நிறுத்துகிறான் என்பதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஓலான்சபினில் பசி தாங்காது. இரவு சாப்பிட்ட பிறகும் சோற்றுப் பானையைத் திறப்பான், சில மாதங்களில் சட்டை பத்தாது. ரிஸ்பெரிடோனில் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், மார்பில் பால் கசியலாம். ஹாலோபெரிடால் ஊசி போட்ட இளைஞனுக்கு முதல் ஓரிரு நாளில் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே செருகி நிற்கலாம். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும், புரோமெத்தசின் போன்ற ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். இன்னொன்று உட்கார முடியாத தவிப்பு: வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பான். வீட்டார் அதை நோய் அதிகமானதாக நினைத்து மருந்தைக் கூட்டச் சொல்வார்கள், கூட்டினால் தவிப்பும் கூடும். இரண்டு மருந்துகள் பலிக்காதபோது குளோசபின் தருவார்கள். அதற்கு முதல் 18 வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். இந்த மருந்தில் எச்சில் அதிகம் ஊறும், காலையில் தலையணை நனைந்திருக்கும்.

மறுப்பவனுக்குச் சாம்பாரில், இட்லியில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஒருநாள் அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டால், "சாப்பாட்டுல எதையோ கலக்குறாங்க" என்ற சந்தேகம் உண்மையாகிவிடுகிறது. அம்மா கையால் சாப்பிடுவதை நிறுத்திவிடுவான். ஒரு குடும்பத்தின் முழுத் துயரமும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. நூறு அலறல் காட்சிகளைவிட இது கனமானது.

மின் அதிர்ச்சி சிகிச்சையைத் தண்டனையாகக் காட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சட்டப்படி மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்க முடியாது. வெறும் வயிற்றோடு அழைத்துப் போவார்கள், வாயில் தடுப்பு, ஆக்சிஜன். வலிப்பு ஒரு நிமிடத்துக்கு உட்பட்டது, வெளியே தெரிவது கால்விரல் துடிப்பு அளவுதான். வாரம் 2 அல்லது 3 முறை, மொத்தம் 6 முதல் 12 முறை. எழுந்ததும் தலைவலி, குழப்பம், அந்த வாரங்களின் நினைவில் ஓட்டை. சாப்பாடு தண்ணீர் இல்லாமல் சிலையாக உறைந்துபோனவருக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை. கதை 1950-க்கு முன் நடப்பதாக இருந்தால் நிலைமை வேறு. அப்போது மயக்க மருந்தில்லாத அதிர்ச்சி இருந்தது, மாத்திரை இல்லை. மனச்சிதைவுக்கான முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952-இல்தான் வந்தது.

அவன் சம்மதமில்லாமல் மருத்துவமனையில் சேர்க்கும் காட்சியில், இன்றைய சட்டப்படி அவனுடைய நியமிக்கப்பட்ட பிரதிநிதி, பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ, விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். முதலில் 30 நாட்கள் வரைதான். தெருவில் திரியும் ஒருவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது.

வன்முறை பற்றி: இந்த நோய் உள்ளவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதும் ஏமாற்றப்படுவதும் மிக அதிகம். குடியும் போதையும் சேரும்போது ஆபத்து கூடுகிறது, அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். கொலைகாரன் யார் என்ற முடிச்சுக்கு விடையாக இந்த நோயைப் பயன்படுத்துவதை நான் அநியாயம் என்றே சொல்வேன். அந்தக் கதையைப் படித்த வீட்டுக்காரர், அடுத்த வாரம் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு தர மறுப்பார். தற்கொலைதான் உண்மையான ஆபத்து. நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலும், வார்டிலிருந்து வீடு திரும்பிய வாரங்களிலும், தனக்கு என்ன ஆயிற்று என்று புரியத் தொடங்கும் காலத்திலும் அது அதிகம். எழுத நேர்ந்தால் வழிமுறையை விவரிக்காதீர்கள், அதைத் தீர்வாகவும் காட்டாதீர்கள். புத்தகத்தின் கடைசியில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அச்சிடலாம்.

மாத்திரையை நிறுத்தினால் உடனே எதுவும் ஆகாது. சில வாரங்கள் அவன் இன்னும் சுறுசுறுப்பாகவே இருப்பான். "பாத்தீங்களா, மாத்திரைதான் அவனைக் கெடுத்துச்சு" என்று மாமா சொல்வார். பிறகு முதலில் தூக்கம் போகும். அடுத்து எரிச்சல், கதவைத் தாழ்போடுவது. கடைசியில் பழைய குரல், பெரும்பாலும் பழைய விஷயத்தோடேயே வரும். இந்த வரிசையை முதல் முறையே வாசகர் மனதில் பதித்துவிட்டால், இரண்டாம் முறை "ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் ரூமில் லைட் எரிந்தது" என்ற ஒரு வரியே போதும்.

எழுதி முடித்ததும் ஒரு மனநல மருத்துவருக்கு முழுப் பிரதியையும் கொடுத்து "சரியா?" என்று கேட்காதீர்கள், நேரமில்லை என்பார்கள். காலவரிசைத் தாளையும் மருத்துவமனைக் காட்சிகளையும் மட்டும் கொடுங்கள். வார்டு நடைமுறை, குடும்பம் பேசும் விதம் பற்றி மனநல சமூகப் பணியாளர்களுக்குத்தான் அதிகம் தெரியும். சென்னையில் 1984-இல் தொடங்கிய, மனச்சிதைவுக்கான ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகளில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நோயோடு வாழும் ஒருவர் படிக்க ஒப்புக்கொண்டால் அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். "இதில் எந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்தது?" என்று கேட்டு, அவர் காட்டும் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.