மலாய் படிப்பதை இன்றைக்கே தொடங்குங்கள்

கோவையில் பி.ஏ.எஸ்.எல்.பி. (காது, பேச்சு சிகிச்சைப் பட்டப்படிப்பு) முடித்து, கணவரின் வேலைக்காகக் கோலாலம்பூர் வரப்போகும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆர்.சி.ஐ. பதிவை வைத்துக்கொண்டே அங்கே ஸ்பீச் தெரபிஸ்ட்டாக வேலை பார்க்கலாமா அக்கா?"

முடியாதும்மா. ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு, இந்தியாவோடு சரி. இங்கே 774-ஆம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஸ்பீச் தெரபி போன்ற துணைச் சுகாதாரத் தொழில்களுக்காக 2016-ல் வந்த சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிய வேண்டும். பதிந்தால் மட்டும் போதாது, தொழில் செய்வதற்கான சான்றிதழைத் தனியாக வாங்கி, காலாகாலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். கணவரைச் சார்ந்து தங்குவதற்கான பாஸில் (டிபென்டன்ட் பாஸ்) வருகிறீர்கள் என்றால் வேலை அனுமதி வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரில் காதும் பேச்சும் ஒரே பட்டம். இங்கே ஆடியாலஜிஸ்ட் வேறு, ஸ்பீச் தெரபிஸ்ட் வேறு. அதனால் கிளம்பும் முன்பே கல்லூரியில் பாடத்திட்டத்தை வாங்குங்கள். பேச்சுக்கு எத்தனை மணி நேரம் கிளினிக் பார்த்தீர்கள், காதுக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்து எழுதிய கடிதமும் முத்திரையோடு கையில் இருக்கட்டும். நான் 12 வருடமாக இங்கே இருக்கிறேன். சட்டம் வந்தபோது அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. ஊருக்கு எழுதி எழுதி, ஐந்து மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அந்த ஐந்து மாதமும் சரியாகத் தூங்கவில்லை.

என்னோடு இருந்த ஒரு பெண்ணிடம் ஒரு மையத்தில், "இப்போதைக்கு டீச்சர் என்று சேருங்கள், பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அப்படி யாராவது சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். மாட்டினால் போவது உங்கள் தொழில்தான்.

தாள் வேலை எப்படியும் முடிந்துவிடும். எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது மொழிதான். தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கப்போகிறோம், தமிழ் போதும் என்றுதான் வந்தேன். முதல் வருடம் செந்தூலிலிருந்து நாலு வயதுப் பையனைக் கூட்டிவந்தார்கள். வாழைப்பழப் படத்தைக் காட்டினேன், "பீசாங்" என்றான். குடைக்கு "பாயோங்". பந்துக்கு இங்கிலீஷில் "பால்". எனக்கு மலாய் தெரியாது, தமிழில் சொல்லாததை எல்லாம் தப்பு என்று குறித்துவிட்டேன். 20 படத்தில் ஆறுதான் தேறியது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. பக்கத்து அறையில் இருந்த மலாய்க்காரச் சகா அதே தாளை வாங்கி, எந்த மொழியில் சொன்னாலும் பொருள் சரியா என்று மட்டும் பார்த்து எண்ணினார். பதினைந்து! பையனுக்குச் சொல் வளம் நன்றாகவே இருந்தது. மூன்று மொழியில் பிரிந்து கிடந்தது, அவ்வளவுதான். உச்சரிப்புக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. அந்த அம்மாவிடம் மறுபடி உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொன்றும் அடிக்கடி வரும். "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசினால் சீக்கிரம் பேசுவானா?" என்று கேட்பார்கள். சொந்தக்காரர்கள் அப்படிச் சொல்லி அனுப்புவார்கள். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கினால் பிள்ளைக்குப் பேச்சுத் துணைதான் குறையும். இதை எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கப் பயிற்சி தருவதும் நம் வேலைதான். "பூகா மூலுட்" என்றால் வாயைத் திறங்கள், "தெலான்" என்றால் விழுங்குங்கள். மலாய்த் தாத்தா ஒருவர் வாயில் கஞ்சியோடு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அகராதி தேட முடியாது. இந்த இரண்டையும் விமானம் ஏறுவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஊரிலிருந்து பட அட்டைகளைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். ரம்புத்தான் பழம், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மாதிரி இந்த ஊர்ப் படங்களை நான் தருகிறேன்.