சென்னையில் இரண்டு நாள்: எழும்பூரில் தொடங்குங்கள்

வேலையாகச் சென்னைக்கு வருகிறேன், சனி ஞாயிறு இரண்டு நாளும் கையில் இருக்கிறது, கடற்கரையும் மாலும் வேண்டாம், அருங்காட்சியகம், பூங்கா, கலை தொடர்பான இடங்களாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது இடங்களுக்குப் பட்டியல் போடலாம். ஆனால் சென்னை வெயிலிலும் போக்குவரத்திலும் நாளுக்கு இரண்டு இடம்தான் நிம்மதியாகப் பார்க்க முடியும். அதனால் நானாக இருந்தால் எங்கே போவேனோ, அதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலையை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுங்கள். 1851இல் தொடங்கியது. பழைய சென்னைவாசிகள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். உயிரியல் பூங்காவுக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். அந்த உயிரியல் பூங்காவும் 1855இல் இதே வளாகத்தில் பிறந்ததுதான். பிறகு மூர் மார்க்கெட் பக்கம் போய், 1985இல் வண்டலூரில் போய் நின்றது.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் இருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்குவார்கள். கல் சிற்பம், பாடம் செய்த விலங்குகள், திமிங்கில எலும்புக்கூடு, நாணயம் என்று சுற்றி முடிப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும். செப்புத் திருமேனிகள் இருக்கும் தனிக்கட்டடம் அப்புறம்தான் வரும். அதற்குள் குழந்தைகள் பசிக்கிறது என்பார்கள், எல்லாரும் திரும்பிவிடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். சீட்டு வாங்கியதும் வேறு எங்கும் நிற்காமல் நேரே திருமேனிக் கூடத்துக்குப் போங்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இவ்வளவு ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் உலகத்திலேயே மிகக் குறைவு. நம் ஊர்க்காரர்களே இதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கோயிலில் இருக்க வேண்டியவை ஏன் இங்கே வந்தன என்று தெரிந்துகொண்டு போனால் பார்வையே வேறாக இருக்கும். 14ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து படையெடுப்பு வந்தபோதும், அதற்குப் பிந்தைய குழப்பங்களிலும் பல ஊர்களில் உற்சவ மூர்த்திகளை மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்களோடு அந்த இடமும் மறந்துபோனது. சில நூற்றாண்டுகள் கழித்து யாரோ வயலை உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ மண்வெட்டியில் 'ணங்' என்று ஒரு சத்தம். 1878இல் வந்த புதையல் சட்டப்படி தாசில்தாருக்குத் தகவல் போகும், அங்கிருந்து பல திருமேனிகள் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன.

அங்கே இரண்டு பேரைத் தேடிப் பிடித்துவிடுங்கள். முதலில் திருவாலங்காட்டு நடராசர். காரைக்கால் அம்மையார் பதிகம் பாடிய அதே திருவாலங்காடுதான். சுற்றி இருக்க வேண்டிய திருவாசி, அதாவது தீச்சுடர் வளையம், இந்தத் திருமேனிக்கு இல்லை. அதனாலேயே அந்த உடம்பின் வளைவு கண்ணுக்குத் தடையில்லாமல் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதின் 1913இல் இதைப் பற்றி மனம் உருகி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது புகைப்படங்களை மட்டும்தான். உங்களுக்கு நேரிலேயே வாய்க்கிறது, சுற்றி வந்து பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். காலடியில் கிடக்கும் முயலகன் என்ற குள்ள அசுரன் மேல் ஊன்றிய கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, அந்த ஒற்றைக் காலில் மொத்த எடையும் எப்படி நிற்கிறது என்பது முன்னால் நின்றால் பிடிபடாது.

இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரி. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. சிவன் பாதியில் ஆடை தொடையோடு நின்றுவிடும், உமை பாதியில் கணுக்கால் வரை இறங்கும். இடுப்பு ஒரு பக்கம் மட்டும் ஒசிந்திருக்கும். இத்தனை வேறுபாடும் ஒரே உடம்பில் இருந்தும், எங்கே ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. இதே திருவெண்காட்டு மண்ணிலிருந்து வந்த ரிஷபவாகனர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார். அந்தப் பக்கம் போனால் விட்டுவிடாதீர்கள்.

பீடங்களையும் கவனியுங்கள். வளையங்களும் துளைகளும் இருக்கும். திருவிழாவில் புறப்பாட்டின்போது கழியைச் செருகிக் கட்டுவதற்கு. சில அம்மன்களுக்குக் கண்ணும் மூக்கும் மழுங்கியிருக்கும். பலரும் மண்ணில் கிடந்ததால் அரித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து, துடைத்துத் துடைத்துத் தேய்ந்த முகங்களும் அவற்றில் உண்டு. எல்லாமே மெழுகில் உருச் செய்து, மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி வார்த்தவை. மண் அச்சை உடைத்தால்தான் உருவம் வெளியே வரும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று வார்க்க முடியாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

நாகப்பட்டினத்துப் புத்தர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். சிறிய சிறிய உருவங்கள், தலை உச்சியில் தீச்சுடர் போல ஒன்று எழுந்து நிற்கும். ராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய அரசர் அங்கே சூடாமணி விகாரம் கட்டிய வரலாற்றைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த ஊர் மண்ணுக்குள் நூற்றுக்கணக்கில் புத்தர்கள் கிடைத்தார்கள்.

திருமேனிக் கூடம் முடிந்ததும் வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, பிறகு அமராவதிச் சிற்பங்களுக்குப் போங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள். 1845இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அதில் ஒரு பகுதி கப்பலேறி லண்டன் போய்விட்டது, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மீதிதான் இங்கே. ஆளுயரப் பலகையில் விரல் நீள மனிதர்கள், யானை, கூட்டம், சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் பெண்கள் என்று இடமே விடாமல் செதுக்கியிருப்பார்கள். கதை தெரியாவிட்டாலும் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

தெம்பு மிச்சமிருந்தால் ஆதிச்சநல்லூர் என்ற பழங்கால ஈமக்காட்டில் கிடைத்த பொருள்கள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்தவை. கீழடியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவற்றையும் ஒரு முறை பார்க்க வேண்டும். அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகமும், ஹென்றி இர்வின் கட்டிய சிவப்புக் கல் கலைக்கூடமும் இருக்கின்றன. உள்ளே போகாவிட்டாலும் வெளியிலிருந்தாவது பாருங்கள்.

மாலையில் செம்மொழிப் பூங்கா. முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில் 2010இல் திறந்தார்கள். பெரியதாக ஒன்றும் இல்லை, நல்ல நிழல், நடக்கப் பாதை. காலையில் நின்ற கால்களுக்கு அது போதும். அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டம் இதைவிடப் பல மடங்கு அழகு. அங்கே உள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயல்காற்றில் சாய்ந்துவிட்டது, இன்று நிற்பவை விழுதுகள்தான். ஆனால் அனுமதி நேரம் குறைவு. கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலை. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் அருங்காட்சியகம். பொம்மை வீடுகள் கட்டி வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பலர் போவதில்லை. அங்கிருப்பவற்றில் பல, மக்கள் வாழ்ந்த நிஜ வீடுகள். ஊரில் இடிக்க இருந்தவற்றைத் தூண் தூணாக, சட்டம் சட்டமாகக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 1996இல் திறந்தது. செட்டிநாட்டு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள், வெயில் நேரத்திலும் குளுகுளுவென்று இருக்கும். அங்கே தமிழ்நாட்டு வீடுகளோடு கேரளம், கர்நாடகம், ஆந்திர வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, மழை அதிகம் பெய்கிற ஊரில் கூரை எப்படிச் சரிகிறது, காய்கிற ஊரில் முற்றம் எப்படித் திறக்கிறது என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். குயவர் இருந்தால் சக்கரத்தில் நீங்களும் கை வைக்கலாம். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து 1966இல் சொந்தமாக நிலம் வாங்கி உருவாக்கியது. நவீன ஓவியம் பழக்கமில்லை என்று தயங்க வேண்டாம். சின்னக் காட்சிக்கூடம்தான், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

குழந்தைகளோடு வந்தால் மட்டும் இதை மாற்றிக்கொள்ளுங்கள்: சோழமண்டலத்தை விட்டுவிட்டு, கிண்டி சிறுவர் பூங்காவும் பக்கத்திலேயே பாம்புப் பண்ணையும். நகரத்துக்கு நடுவே ஒரு தேசியப் பூங்கா, அதில் வெளிமானும் புள்ளிமானும். பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்.

ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் இந்தப் பயணத்தில் இடம்பெறவில்லை. 1947 ஆகஸ்டு 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி அங்கே இருக்கிறது, பக்கத்தில் 1680இல் கட்டிய புனித மேரி தேவாலயமும் உண்டு. ஒரு வேலைநாள் மிச்சமானால் போய் வாருங்கள். அப்புறம், விடுமுறைக் கணக்கு: எழும்பூரும் கோட்டையும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், தட்சிணசித்ராவும் கிண்டியும் செவ்வாய்க்கிழமை. சனி ஞாயிறில் வருவதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எழும்பூரில் சில கூடங்களைப் பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள், சீட்டு வாங்கும்போதே திருமேனிக் கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.