மைட்டோகாண்ட்ரியா ஆய்வுக்கட்டுரையின் கடைசியில் ஏன் இத்தனை பேருக்கு நன்றி? ஓர் ஆய்வகமே எல்லாவற்றையும் செய்துகொள்ள முடியாதா?

முடியாது. நீங்கள் புதிதாக ஆய்வில் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். நன்றிப் பத்தியும் நிதி எண்களும் (ஆய்வுக்குப் பணம் தந்த திட்டங்களின் எண்கள்) வெறும் சம்பிரதாயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியதுதான். இப்போது பல ஆய்வகங்களுக்குப் பொதுவான எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கூடத்தில் வேலை செய்கிறேன். கட்டுரை கைக்கு வந்தால் முதலில் அந்தப் பத்தியைத்தான் பார்ப்பேன்.

மைட்டோகார்ட்டா 3.0 என்ற பட்டியலில் மனித மைட்டோகாண்ட்ரியப் புரதங்களுக்கான 1,136 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் 13 மட்டுமே மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில். மீதி எல்லாம் உட்கருவில். யாரோ உழைத்துத் தொகுத்த பட்டியல், எல்லோருக்கும் இலவசம். செல்லிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைச் சில நிமிடங்களில் பிரித்தெடுக்க உதவும் பிளாஸ்மிட்டும் (செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுசெல்லும் வட்ட டிஎன்ஏ) அப்படித்தான்: உருவாக்கிய ஆய்வகம் அதை ஆட்ஜீனில் கொடுத்து வைத்திருக்கிறது. 2004-ல் தொடங்கிய லாப நோக்கமற்ற பிளாஸ்மிட் வங்கி அது. அப்புறம் செல்லின் ஆக்சிஜன் செலவை அளக்கும் கருவி, எங்கள் நுண்ணோக்கி. எந்த ஒரு கிராண்ட்டில், அதாவது ஆய்வு நிதியில், இத்தனையும் அடங்கும்?

ஒரு முறை ஓர் ஆய்வு மாணவி, ஒரு மரபணுவை நீக்கிய செல்களோடு வந்தார். படத்தில் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஊதிப்போய், உள்ளே கிரிஸ்டே மடிப்புகள் கலைந்து கிடந்தன. அவருடைய வழிகாட்டி திரையைப் பார்த்த மாத்திரத்தில் கட்டுரைக்குத் தலைப்பே சொல்லிவிட்டார். எனக்கு நெருடியது. மரபணு நீக்காத கண்ட்ரோல் செல்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவையும் ஊதித்தான் இருந்தன, கொஞ்சம் குறைவாக. செல்லை அப்படியே உறையவைத்துப் பதப்படுத்தும் திரவம் குளுட்டரால்டிஹைடு. "அதை எதில் கலந்தீங்க?" என்றேன். அதைக் கலக்கும் உப்புக் கரைசலான பஃபரில் அவர் ஒரு தடவை கூடுதலாகத் தண்ணீர் சேர்த்திருந்தார். தண்ணீர் உள்ளே புகுந்து ஊதிவிட்டது.

முதலிலிருந்து செய்தோம். சவ்வுகள் படத்தில் தெளிவாகத் தெரிய ஆஸ்மியம் ஏற்றி, பிசினில் பதித்து, வைரக்கத்தியில் 70 நானோமீட்டர் சீவல்களாகச் சீவி. இரண்டு வாரம். ஊதல் மறைந்தது. மடிப்புகள் கொஞ்சம் குறைவு என்ற சின்ன வேறுபாடுதான் மிஞ்சியது, ஆனால் அது நிஜமான வேறுபாடு.

கட்டுரை வெளிவந்தது. நிதி எண்கள் மூன்று வரி. நுண்ணோக்கியின் மாடல் எண்கூட இருந்தது. நானும் இல்லை, கூடமும் இல்லை.

பெயருக்கு அலைகிறான் என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்கவில்லை. அந்த மாணவியைக் குறை சொல்லவும் இல்லை. கடைசி வரைவு அவர் கையில் இருந்திருக்காது. ஆனால் எத்தனை கட்டுரைகளுக்கு உதவினோம் என்று காட்டித்தான் நாங்கள் அடுத்த வருடத்துக்கு நிதி கேட்கிறோம். கருவி வாங்கப் பணம் தருகிறவர்கள், பராமரிப்பு ஒப்பந்தம், ஆள் சம்பளம் என்றால் கையை விரித்துவிடுவார்கள்.

 

சரி, நீங்கள் எங்களைப் போன்ற கூடத்துக்கு வரும்போது கண்ட்ரோல் செல்களையும் கொண்டு வாருங்கள். பஃபரில் எதை எவ்வளவு கலந்தீர்கள் என்று எழுதிய தாளையும்.