பூஞ்சைக்குப் பயந்து சோற்றை விட வேண்டுமா? கேள்வி பதில்

‘கேண்டிடா டயட்’, ‘ஃபங்கல் டீடாக்ஸ்’ பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேள்விப்படாதவர்களுக்கு: உடம்பில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை மண்டிவிட்டதால்தான் அசதி, அரிப்பு, உப்புசம், தலைவலி எல்லாம் வருகிறது என்று சொல்லி, சர்க்கரை, அரிசி, கோதுமை, பழம், பால், இட்லி, பிரெட், காளான், வினிகர் என்று நீண்ட பட்டியலைப் பல வாரங்களுக்கு நிறுத்தச் சொல்லும் உணவு முறை இது. பூஞ்சைக்குத் தீனி போடாவிட்டால் அது செத்துவிடும் என்பது கணக்கு.

நான் மருத்துவமனையில் சர்க்கரை நோய், வயிறு குடல் பிரிவுகளில் வேலை பார்க்கும் உணவியல் நிபுணர். மருந்து எழுதித் தருபவள் அல்ல. மருந்தின் பெயர் சொல்லும் இடங்களில் எல்லாம், டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். கடையில் போய் வாங்குவதற்கு இல்லை.

கோவை, 34 வயதுப் பெண்: மேடம், ஆறு மாசமா ஒரே அசதி. சாப்பிட்டதும் வயிறு உப்பிக்குது. ஆன்லைன்ல ஒரு ஹெல்த் கோச், காலைல எழுந்ததும் டம்ளர் தண்ணில துப்பிப் பாக்கச் சொன்னாங்க. எச்சில் நூல் நூலா கீழ இறங்குச்சு. அப்படின்னா கேண்டிடா ஜாஸ்தியாம். எட்டு வார டயட், சப்ளிமென்ட் எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜ் சொல்றாங்க. பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள்.

எச்சிலை வழவழப்பாக வைத்திருப்பது மியூசின் என்ற புரதம். இரவு வாய் காய்ந்தால் அது கெட்டியாகும். தண்ணீரில் விட்டால் நூலாக இறங்கும். யார் துப்பினாலும் இறங்கும். அதை வைத்துக் கேண்டிடா இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும் அது நோயும் இல்லை. ஆரோக்கியமாக நடமாடும் ஏராளமானவர்களின் வாயிலும் குடலிலும் கேண்டிடா குடியிருக்கிறது. கூட இருக்கும் பாக்டீரியாக்களும் நம் எதிர்ப்பு சக்தியும் அதை அதன் அளவில் நிறுத்தி வைத்திருக்கின்றன.

இந்த ‘உடம்பு முழுக்கப் பூஞ்சை’ என்ற கருத்து 1970களின் கடைசியிலும் 80களிலும் அமெரிக்காவில் பரவியது. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் இருந்த ஓரியன் ட்ரஸ் என்ற டாக்டர் தொடங்கி வைத்தார். டென்னஸியில் குழந்தை மருத்துவராக இருந்த வில்லியம் க்ரூக் அதைப் புத்தகமாக்கி வீடு வீடாகக் கொண்டுபோனார். 1986இல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு, இதற்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. 1990இல் அதே பர்மிங்ஹாமில் அலபாமா பல்கலைக்கழக மருத்துவர்கள் சோதித்தே பார்த்தார்கள். இந்தப் பிரச்சினை இருப்பதாகக் கருதப்பட்ட 42 பெண்களுக்குப் பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாட்டினையும் மருந்தே இல்லாத போலி மாத்திரையையும், எது எதுவென்று தெரியாத வகையில் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறப்புறுப்பு அரிப்பு மருந்தில் குறைந்தது. அசதி, மன உளைச்சல் போன்றவை மருந்தில் எவ்வளவு குறைந்தனவோ போலி மாத்திரையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே குறைந்தன. பூஞ்சையை நேரடியாகக் கொல்லும் மருந்தே அசதியைப் போக்கவில்லை என்றால், அசதிக்குக் காரணம் பூஞ்சை என்று எப்படிச் சொல்வது?

உங்கள் அசதி உண்மை. அதை யாரும் மனப்பிரமை என்று தள்ள விடாதீர்கள். பேக்கேஜ் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, பி12, சர்க்கரை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. அதிக மாதவிடாய்ப் போக்கு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எடை தானாக இறங்குவது, மலத்தில் ரத்தம், இரவில் எழுப்பும் வயிற்று வலி, இதில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

அதே கோவைப் பெண்: ஆனா என் ஃப்ரெண்டு இதே டயட் இருந்து உப்புசம் போயிடுச்சுன்னு சொல்றாளே மேடம்?

போயிருக்கும். அவர் சொல்வதை நம்புகிறேன். அவர் நிறுத்தியவற்றைப் பாருங்கள்: பேக்கரிப் பொருள், குளிர்பானம், ராத்திரி பரோட்டா, பால். பால் ஒத்துக்கொள்ளாதவர் பாலை விட்டாலே பாதி உப்புசம் போய்விடும். கோதுமை, வெங்காயம், பூண்டு, சில பருப்பு வகைகளில் இருக்கும் ஒருவகை மாவுச்சத்து சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் புளித்து வாயுவாகிறது. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்காக இதை வைத்தே ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் ‘லோ ஃபாட்மேப்’ என்ற உணவு முறையை உருவாக்கியது. அதிலும் உணவுகளை நிறுத்துகிறோம். ஆனால் இரண்டு முதல் ஆறு வாரம்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து, அதை மட்டும் குறைக்கிறோம். பூஞ்சை டயட்டில் இந்தத் திரும்பச் சேர்க்கும் கட்டம் பெயருக்குத்தான் இருக்கிறது. அதனால் தோழிக்கு எது பலன் தந்தது என்று அவருக்கே தெரியாமல் போகிறது. காலம் முழுக்க எல்லாவற்றுக்கும் பயந்து சாப்பிட நேரிடுகிறது.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: புளித்த மாவில் ஈஸ்ட் இருக்கிறது, இட்லி தோசை கூடாது, பழைய சோறும் தயிரும் கூடாது என்கிறார்களே அம்மா, சரியா?

சரியில்லை ஐயா. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுடையது. கொஞ்சம் ஈஸ்ட் இருந்தாலும் ஆவியில் வெந்ததும் செத்துவிடும். பிரெட்டில் போடும் ஈஸ்டும் கேண்டிடாவும் வேறு வேறு. காளான் சாப்பிட்டால் உடம்பில் பூஞ்சை வளரும் என்பதற்கும் அடிப்படை கிடையாது. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் இட்லியின் எண்ணிக்கையைப் பற்றித் தனியாகப் பேசுவோம். அதற்கும் பூஞ்சைக்கும் தொடர்பில்லை.

தூத்துக்குடி, 29 வயது, டெலிவரி வேலை: அக்கா, தொடை இடுக்குல படர்தாமரை எட்டு மாசமா இருக்கு. மெடிக்கல்ல குடுத்த க்ரீம் போட்டா ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடும், விட்டா டபுளா வருது. வீட்ல கத்திரிக்காய், கருவாடு, இறால், முட்டை எல்லாம் நிறுத்தியாச்சு. இப்ப சர்க்கரையும் அரிசியும் நிறுத்தணுமா?

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

படர்தாமரை கேண்டிடா அல்ல. அது தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் புரதத்தைத் தின்று வாழும் வேறு பூஞ்சை. நீங்கள் கத்திரிக்காய் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதற்குத் தோல் கிடைத்துக்கொண்டே இருக்கும். கருவாடோ இறாலோ சாப்பிட்டதும் தடிப்புத் தடிப்பாக வந்தால் அது அலர்ஜி, அதை நிறுத்தலாம். வட்ட வட்டமாக ஓரம் சிவந்து பரவும் இந்தப் பற்றுக்கு அதெல்லாம் காரணமில்லை. மீனையும் முட்டையையும் திரும்ப ஆரம்பியுங்கள், வெயிலில் அலைகிற வேலைக்கு அது வேண்டும்.

சந்தேகம் எனக்கு அந்த க்ரீம் மேல்தான். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தரும் பல க்ரீம்களில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், கூடவே அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பு சக்தியையும் அமுக்கும். அரிப்பு இல்லாத நாட்களில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். அதனால்தான் விட்டதும் இரண்டு மடங்காக வருகிறது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாக வெடித்தால் அந்தத் தழும்பு போகவே போகாது. 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டுடன்தான் விற்க வேண்டும் என்று மாற்றியது. ஆனாலும் கைக்கு வருகிறது. உங்கள் டியூபைத் திருப்பி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு சிக்கல்: இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் படர்தாமரைப் பூஞ்சை பழைய மருந்துகளுக்கு எளிதில் அடங்குவதில்லை. அதற்கு ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று 2020இல் தனிப் பெயரே வைத்தார்கள். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்து பலரிடம் வேலை செய்வதில்லை. ஆகவே தோல் டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மாத்திரை வாரக்கணக்கில் எடுக்க வேண்டி வரும். அரிப்பு நின்றதும் நிறுத்தக் கூடாது. இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கேப்சூலாகத் தந்தால் பெரும்பாலும் வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் போடச் சொல்வார்கள், அப்போதுதான் உடம்பில் சரியாகச் சேரும். டயட் என்று அரைப்பட்டினி இருந்து அந்த மருந்தைப் போடுவது மருந்தை வீணாக்குவது.

அப்புறம், இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். வியர்வை ஊறிய கயிற்றில் பூஞ்சை தங்கும். வீட்டில் மனசு கேட்காவிட்டால் குணமானபிறகு புதுக் கயிறு கட்டலாம். ஜீன்ஸ் வேண்டாம், தளர்வான பருத்தி போதும். துண்டு தனியாக இருக்கட்டும். உள்ளாடையைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் வேறு யாருக்கு இருந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

திருச்சி, 52 வயதுப் பெண்: சர்க்கரைக்குப் புது மாத்திரை மாற்றியதிலிருந்து அடிக்கடி வெள்ளைப்படுதலும் அரிப்பும். வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பூஞ்சை டயட் உதவுமா?

கூச்சப்படாதீர்கள் அம்மா, இது ரொம்பச் சாதாரணமாக வருவது. மாத்திரை அட்டையில் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ என முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். இவை ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை. ஆனால் சிறுநீரில் சர்க்கரை வருவதால் அந்த இடத்தில் கேண்டிடா வளரும். நீங்களாக நிறுத்த வேண்டாம், தந்த டாக்டரிடம் சொல்லுங்கள். பால் திரிந்ததுபோல் கெட்டியாக, அரிப்போடு இருந்தால் கேண்டிடாவாக இருக்கலாம்; மீன் வாடை வந்தால் அது வேறு தொற்று, மருந்தும் வேறு. பரிசோதித்துத்தான் தர வேண்டும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை வந்தால் ஃப்ளூகொனசோல் என்ற பூஞ்சை மாத்திரையை வாரம் ஒன்றாக ஆறு மாதம் தரும் சிகிச்சை இருக்கிறது. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை சிலவற்றோடு ஃப்ளூகொனசோல் சண்டை போடும். அதனால் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் காட்டுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரும் சாப்பாடு உங்களுக்குக் கட்டாயம் உதவும்.

ஆனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். இந்த ‘ஃப்ளோசின்’ மாத்திரை போட்டுக்கொண்டு அரிசி, சப்பாத்தி, பழம் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். மீட்டரில் சர்க்கரை ரொம்ப ஏறாமலே இருக்கலாம், அதனால் வீட்டில் யாருக்கும் புரியாது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சர்க்கரை நோயாளி யாரும் டாக்டரிடம் சொல்லாமல் இந்த டயட்டைத் தொடங்கவே கூடாது.

சென்னை, 26 வயது: டயட் ஆரம்பித்த மூன்றாவது நாள் தலைவலி, உடம்பு வலி. பூஞ்சை செத்து விஷம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்கிறார்கள்.

உடம்பு வேதனைப்படுவதை நல்ல அறிகுறி என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது காய்ச்சல், நடுக்கம் வருவது உண்மைதான். சிபிலிஸ், எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது அதைப் பார்க்கிறோம். சோற்றை நிறுத்தியதால் அது வராது. மாவுச்சத்தைத் திடீரென்று விட்டால் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறும். காபியையும் சேர்த்து விட்டிருந்தால் தலைவலி நிச்சயம். சாப்பிடுங்கள், சரியாகிவிடும். சரியாகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள், டெங்கு காலத்தில் காய்ச்சல் வந்தால் இன்னும் சீக்கிரம்.

ஈரோடு, இளம் தாய்: மூணு மாசக் குழந்தைக்கு நாக்கில், கன்னத்தின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நான் சர்க்கரையும் சோறும் விட்டால் பால் சுத்தமாகுமா அக்கா?

உங்கள் பால் சுத்தமாகத்தான் இருக்கிறது. துடைத்தால் வராத வெள்ளை என்றால் கேண்டிடாவாக இருக்கலாம். குழந்தை டாக்டர் சொட்டு மருந்தோ தடவும் மருந்தோ தருவார். உங்கள் மார்புக் காம்பில் எரிச்சல் இருந்தால் இருவருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலை நிறுத்தாதீர்கள், தேன் தடவாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. நீங்கள் நன்றாகச் சாப்பிடுங்கள்.

நாகர்கோவில்: தேங்காய் எண்ணெய் தினம் மூன்று ஸ்பூன் குடித்தால் பூஞ்சை போகுமா?

ஆய்வகத் தட்டில் அதன் கொழுப்பு அமிலங்கள் கேண்டிடாவைக் கொல்கின்றன. எலிகளின் குடலிலும் குறைத்திருக்கின்றன. மனிதர்களின் நோய்க்கு மருந்து என்று நிரூபணமாகவில்லை. சமையலில் ஊற்றுங்கள், குடிக்க வேண்டாம். பூண்டை உள்ளே வைப்பது, தயிர் தடவுவது எல்லாம் பிறப்புறுப்பில் செய்யவே கூடாது, புண்ணாகிவிடும்.

மதுரை, ஒரு அப்பா: அப்படியானால் உணவைக் கட்டுப்படுத்தினால் பலன் கிடைக்கும் பூஞ்சை நோயே கிடையாதா? என் 15 வயது மகள் முகப்பரு போக இந்த டயட் இருக்கிறாள், ரெண்டு மாசத்தில் ரொம்ப இளைத்துவிட்டாள்.

அபூர்வமாக ஒன்று உண்டு. குடலில் ஈஸ்ட் மாவுச்சத்தைச் சாராயமாக மாற்றி, குடிக்காமலே போதை ஏற்றும் நோய். அதற்கு மருந்தோடு மாவுச்சத்தையும் குறைப்பார்கள், மருத்துவக் கண்காணிப்பில். உங்கள் மகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாதாரண முகப்பரு பூஞ்சையால் வருவதில்லை.

எனக்குக் கவலை அவள் இளைத்ததுதான் ஐயா. சாப்பாட்டைப் பார்த்து ஒதுங்குகிறாளா, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கிறாளா, மாதவிடாய் நின்றிருக்கிறதா என்று அவள் அம்மாவை மெதுவாகக் கேட்கச் சொல்லுங்கள். திட்ட வேண்டாம், எடையைப் பற்றிப் பேச வேண்டாம். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் எடையும் உயரமும் பார்த்துவிடுங்கள். பயந்து பயந்து சாப்பிடுவதாகத் தெரிந்தால் மனநல மருத்துவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பருவுக்குத் தோல் டாக்டரிடம் நல்ல மருந்துகள் இருக்கின்றன, அதை அவளிடமே சொல்லுங்கள். இன்று இரவு அவளுக்குப் பிடித்ததைச் செய்து, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.