பால் பவுடர் ஏன் வேண்டாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூடானில் எலும்பும் தோலுமாக இருக்கும் ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. நானும் நண்பர்களும் பால் பவுடரும் பிஸ்கட்டும் சேர்த்து அனுப்பலாம் என்று கிளம்பினோம். கேட்டுப் பார்த்த இரண்டு தொண்டு அமைப்புகளும் "பொருள் வேண்டாம், பணமாகக் கொடுங்கள்" என்கின்றன. பணமாகக் கொடுத்தால் போய்ச் சேருமா என்று சந்தேகமாக இருக்கிறது. பசிக்கிற குழந்தைக்குப் பால் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த அமைப்புகள் சொன்னதுதான் சரி.

நீங்கள் படத்தில் பார்த்த குழந்தை பசியைத் தாண்டிப் போய்விட்டது. அது இப்போது ஒரு நோயாளி. வாரக்கணக்கில் உணவில்லாத உடம்பு, செலவைச் சுருக்கிக்கொண்டே வரும். இதயம் தளரும், குடல் மெலியும், உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் திணறும். நிமோனியாவே இருந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். காய்ச்சல் வருவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அந்த நிலையில் வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி, இதயம் நின்றுவிடக்கூடும். 1945இல் நாஜி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், உணவு கிடைத்த பிறகு அந்த உணவாலேயே இறந்தார்கள்.

அதனால் ரொம்ப மோசமான குழந்தைகளுக்கு மருத்துவமனையில் எஃப்-75 என்ற பாலில் தொடங்குகிறார்கள். 100 மில்லிக்கு 75 கலோரிதான். புரதமும் உப்பும் குறைவு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, நள்ளிரவிலும் எழுப்பி, அளந்து கொடுக்க வேண்டும். இரும்புச்சத்துகூட முதல் சில நாட்களுக்குக் கிடையாது. கடையில் விற்கும் பால் பவுடர் இந்த இடத்தில் எதற்கும் உதவாது.

நோயில்லாத குழந்தைகளுக்காவது ஆகுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இன்னும் பெரிய சிக்கல். பவுடரைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும், அகதி முகாமில் அந்தத் தண்ணீரே நோய். புட்டியைக் கொதிக்கவைக்க விறகு கிடையாது. டப்பா சீக்கிரம் தீராமலிருக்கத் தாய் நீர்க்கக் கரைப்பாள். இதற்குள் அவளுக்குப் பால் வற்றிவிடும். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு நல்ல மனசுடன் அனுப்பப்பட்ட குழந்தைப் பால் பவுடர் குவிந்தது. அதைப் பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, பெறாதவர்களைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

இதை முன்பே கத்திச் சொன்னவர் ஒருவர் உண்டு. மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1939இல் சிங்கப்பூரில், குழந்தை உணவென்று விற்கப்பட்ட இனிப்புப் பாலைப் பற்றி அவர் ஆற்றிய உரையின் தலைப்பே 'பாலும் கொலையும்'. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இன்றைய கானாவில் வேலை பார்த்தபோது, குவாஷியோர்க்கர் என்ற கா மொழிச் சொல்லை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்படும் மூத்ததற்கு வருகிற நோய் என்று அதற்கு அர்த்தம். நம்மிடம் 'சவலை' என்ற சொல் இருக்கிறதே, ஏறக்குறைய அதேதான். எங்கோ தூரத்தில் நடப்பது என்று நினைக்கிறோம், சொல் நம் வாயிலேயே இருக்கிறது.

சரி, எதுதான் வேலை செய்கிறது? 1996இல் ஆந்த்ரே பிரியாண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவரும் நூட்ரிசெட் நிறுவனமும் உருவாக்கிய பிளம்பி நட். நிலக்கடலை விழுது, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாதுக்கள். (ஆம், பால் பவுடர்தான்; ஆனால் தண்ணீர் சேராமல்.) 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. எண்ணெயில் குழைத்ததால் கிருமி எளிதில் வளராது. மூலையைக் கிழித்துக் குழந்தை அப்படியே உறிஞ்சலாம்.

இதனால் மாறியது முக்கியமாகத் தாயின் நிலைமை. முன்பெல்லாம் ஒரு குழந்தையைக் காப்பாற்ற அவள் வாரக்கணக்கில் சிகிச்சை மையத்தில் கிடக்க வேண்டும், மற்ற பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு. பலர் வரவே மாட்டார்கள். இப்போது, சாப்பிட விருப்பம் காட்டுகிற, வேறு சிக்கல் இல்லாத குழந்தை என்றால், பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். 2005இல் நைஜரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000க்கும் அதிகமான குழந்தைகளுக்கு இப்படிச் சிகிச்சை தந்தது. 2007இல் ஐ.நா. அமைப்புகளும் இந்த முறையை ஏற்றன. ஒரு குழந்தை தேற ஆறு முதல் எட்டு வாரம், சுமார் 150 பொட்டலம், அதாவது ஒரு அட்டைப்பெட்டி. யாரைச் சேர்ப்பது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவியும் வேண்டாம். மேல்கையைச் சுற்றி ஒரு நாடா. 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு.

பணம் போய்ச் சேருமா என்றால், சில சமயம் சேராது. நீங்கள் சந்தேகப்படுகிற காரணத்தால் மட்டுமல்ல. 2024 ஆகஸ்ட்டில் சூடானின் வட டார்ஃபூர் பகுதியில், ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. அக்டோபரில் அங்கே சுமார் 5,000 குழந்தைகளின் சிகிச்சையை அதே மருத்துவர்கள் அமைப்பு நிறுத்த வேண்டியதாயிற்று. வழிகள் அடைக்கப்பட்டு, சரக்கு உள்ளே வரவில்லை. இதற்குக் குற்றவாளிகள் துப்பாக்கி வைத்திருப்பவர்கள். நன்கொடை கேட்பவர்கள் அல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பணம் வருகிற பக்கமும் அடைபட்டது.

அப்புறம், படத்தைப் பற்றி ஒன்று. சோமாலியாவில் பஞ்சம் என்று 2011 ஜூலையில் அறிவித்தார்கள். அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 2,60,000 பேர், அதில் பாதி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அறிவிப்பு வந்தபோது ஏறக்குறைய பாதி மரணங்கள் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தன. படம் நம்மைத் தேடி வருவதற்குள் இவ்வளவு.

எனவே என் யோசனை இது. பிஸ்கட் சேகரிப்பதை விடுங்கள். உங்கள் நண்பர்கள் கூடி மாதம் ஒரு சின்னத் தொகை என்று முடிவு செய்து, இந்தச் சிகிச்சையை நேரடியாகச் செய்கிற ஓர் அமைப்புக்குக் கொடுங்கள். "சூடானுக்கு மட்டும்" என்று எழுதாதீர்கள். அடுத்த சிவப்பு நாடா எந்த ஊரில் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்களுக்கு முன்கூட்டியே கொஞ்சம் தெரியும்.