பாக்டீரியா பாலியெஸ்டரை ஆராய என்எம்ஆர் அவசியமா?

கேள்வி: பாக்டீரியா தயாரிக்கும் மக்கும் பிளாஸ்டிக் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். அதில் எந்த அலகு எவ்வளவு என்ற விகிதம் கேஸ் குரோமட்டோகிராஃபியிலேயே (ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் முறை) தெரிந்துவிடுகிறது. அப்புறம் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சிக்னலைப் பார்க்கும் முறை) எதற்கு?

பதில்: விகிதம் மட்டும் போதும் என்றால் தேவையில்லை. என் ஊர் தண்டையார்பேட்டை. எண்ணூர் கழிமுகச் சேற்றில் பிரித்தெடுத்த பாக்டீரியாவை வைத்துத்தான் என் ஆய்வு. எங்கள் கல்லூரியில் என்எம்ஆர் கிடையாது, காசு கட்டி வெளியே கொடுக்க வேண்டும். அதனால் இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

பிஹெச்பி என்பது பாக்டீரியா தயாரிக்கும் பாலியெஸ்டர், பியூட்டிரேட் அலகுகள் கோத்த சங்கிலி. வெறும் பிஹெச்பி எளிதில் நொறுங்கும். பாக்டீரியாவுக்குப் புரோபியோனிக் அமிலமும் கொடுத்தால் சங்கிலியில் வேலரேட் அலகுகள் நுழைந்து பொருள் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். புரோட்டான் (ஹைட்ரஜன்) என்எம்ஆரில் பியூட்டிரேட்டின் மெத்தில் (CH3) 1.27 பிபிஎம்மில் (பீக் வரும் இடத்தைச் சொல்லும் அளவு) இரண்டாகப் பிரிந்த பீக்காகவும், வேலரேட்டின் மெத்தில் 0.9 அருகே மூன்றாகப் பிரிந்த பீக்காகவும் வரும். பீக்குகளின் பரப்பை ஒப்பிட்டால் விகிதம் கிடைத்துவிடும்.

ஆனால் குரோமட்டோகிராஃபிக்குக் கொடுக்கும் முன்பே மெத்தனாலும் அமிலமும் சேர்த்துச் சங்கிலியைத் துண்டாக்கி விடுகிறோம். மாலையை உதிர்த்த பிறகு பூக்களை எண்ணலாம், எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று சொல்ல முடியுமா? கார்பன்-13 என்எம்ஆர் அதைச் சொல்லும். 169 பிபிஎம் பக்கம் வரும் கார்பனைல் (C=O) பீக், பக்கத்து அலகைப் பொறுத்துப் பிரியும். இரண்டு தனித்தனி பாலிமர்கள் கலந்து கிடந்தால் பியூட்டிரேட்–வேலரேட் இணைப்புக்கான பீக் வராது. உங்களிடம் இருப்பது கோபாலிமரா (ஒரே சங்கிலியில் இரண்டு அலகுகளும்), வெறும் கலவையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. பிரித்தெடுத்த பிஹெச்பி பாதிக்கு மேல் படிகம். ஆனால் 1980களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் பார்னார்டும் சாண்டர்ஸும் உயிருள்ள செல்லையே என்எம்ஆரில் வைத்துப் பார்த்தபோது, படிகமாக இருந்தால் கிடைக்காத அளவுக்குத் தெளிவான பீக்குகள் வந்தன. செல்லுக்குள் அது படிகமாகாமல், அசையும் நிலையில் இருக்கிறது! செல்லை உடைக்காமல் இதைப் பார்க்க குரோமட்டோகிராஃபியால் முடியாது.

சாம்பிள் கொடுக்கும் முன் ஒன்று. செல்லின் கொழுப்பு சரியாகக் கழுவப்படாவிட்டால் புரோட்டான் என்எம்ஆரில் 1.25-லும் 0.88-லும் பீக் வரும். இரண்டாவது அப்படியே வேலரேட் போலத் தெரியும். சந்தேகம் வந்தால் கார்பன்-13-ல் 9.3 பிபிஎம் பாருங்கள், வேலரேட்டின் மெத்தில் அங்கேதான் வரும். கொழுப்பின் மெத்தில் 14 பக்கம் போய்விடும். கார்பன்-13 இயற்கையில் 1.1 சதவீதம்தான் என்பதால் சாம்பிளைத் தாராளமாகக் கரைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்க மெஷின் ஓடியும் கார்பனைல் பீக் சரியாக எழும்பாது.