ஒன்பது ஹெட்போன் இருக்கிறது, பத்தாவது வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் ஒன்பது ஹெட்போன்கள் இருக்கின்றன. சென்ஹைசர் எச்டி 600 (பழையதாக வாங்கியது), பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ், ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ, அலுவலகத்துக்கு சோனி எக்ஸ்எம்3, ஒரு காஸ் போர்ட்டா ப்ரோ, இரண்டு வயர்லெஸ் இயர்பட்ஸ், வயருடன் ஒரு இயர்போன். ஹைஃபைமேனுக்காக மேசையில் வைக்கிற ஆம்ப் (ஹெட்போனுக்குக் கூடுதல் சக்தி தரும் பெட்டி) ஒன்றும் வாங்கினேன். இப்போது சென்ஹைசர் எச்டி 650 மேல் ஆசை. மாதாமாதம் சின்னத் தொகை ஒன்றைச் சேர்க்கிறேன், அந்தக் கணக்கில் ஏழு மாதம் ஆகும். வட்டியில்லாத் தவணையில் இப்போதே எடுத்துவிடலாமா? இரவில் வாரத்துக்கு மூன்று நாள் முக்கால் மணி நேரம்தான் நிதானமாகப் பாட்டுக் கேட்க முடிகிறது. அலுவலகத்தில் தினம் நான்கு மணி நேரம் சோனி காதில் இருக்கும், முன்பு ஒரு வாரம் தாங்கிய பேட்டரி இப்போது இரண்டாம் நாளே படுத்துவிடுகிறது. டிடி 770 கண்ணாடிக் காம்பை அழுத்துவதால் அதிகம் எடுப்பதில்லை. "இருக்கிறதை முதலில் குறைங்க" என்கிறார் மனைவி. எதை விற்பது, எதை வைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது 650 பற்றிய கேள்வியாகத்தான் தெரிந்தது. மறுபடி படித்தபோதுதான் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருந்த அந்த பேட்டரி வரி கண்ணில் பட்டது. உங்களுக்கு உண்மையில் காசு செலவாக வேண்டிய இடம் அதுதான், ஆனால் கேள்வியாகக் கேட்டிருப்பது வேறொன்றை.

மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். தினம் நான்கு மணி, மாதம் 22 வேலை நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 1,056 மணி நேரம் சோனி உங்கள் காதில் இருக்கிறது. இரவுக் கேட்டல் வாரம் மூன்று முறை முக்கால் மணி, வருடத்துக்கு 117 மணி. அந்த 117 மணி நேரத்துக்கு உங்களிடம் ஏற்கெனவே எச்டி 600 இருக்கிறது, ஹைஃபைமேன் இருக்கிறது, இப்போது மூன்றாவதாக ஒன்று வாங்க ஏழு மாதச் சேமிப்பு போகிறது. ஆயிரம் மணி நேரத்துக்கு இருப்பது சாகக் கிடக்கும் ஒரு பேட்டரி. பட்ஜெட் சின்னதாக இருக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான், எந்தப் பொருள் அதிக நேரம் உழைக்கிறதோ அதற்குத்தான் முதல் காசு.

சரி, 650க்கு வருவோம். ஆசையை ஒரேயடியாக மட்டம் தட்ட மாட்டேன், அது நல்ல ஹெட்போன். ஆனால் 600 வந்தது 1997இல், 650 வந்தது 2003இல், இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் மின்தடை 300 ஓம், இரண்டும் பின்பக்கம் திறந்தவை, ஒன்றின் காது மெத்தையும் கேபிளும் மற்றதற்கு அப்படியே பொருந்தும். 650இல் கீழ்ச் சுரம் (பாஸ்) கொஞ்சம் கனமாக இருக்கும், மேல் சுரம் (ட்ரெபிள்) சற்று அடங்கியிருக்கும். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை ஈக்வலைசரில், அதாவது சுரங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதியில், இலவசமாகவே செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ மாதிரி காசில்லாத மென்பொருள் இருக்கிறது. பாஸ் பக்கம் ஒன்றிரண்டு டெசிபல் (ஒலியளவின் அலகு) ஏற்றி, ட்ரெபிள் பக்கம் ஒரு டெசிபல் இறக்கி, இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். அச்சு அசலாக 650 ஆகிவிடாது. ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்தக் கனம்தானா, இல்லை புதுப் பெட்டியைப் பிரிக்கும் சுகமா என்பது தெரிந்துவிடும். (பெட்டி பிரிக்கும் சுகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் அலமாரியிலும் அப்படி வந்தவை உண்டு. ஒரு ஜோடியை மூன்று வருடம் எடுக்காமல் வைத்திருந்து ஒருநாள் மாட்டினால், மெத்தையின் கறுப்புத் தோல் பொடிப்பொடியாகக் காதில் ஒட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவே பத்து நிமிடம்.)

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பழையதாக வாங்கிய அந்த 600க்கு எப்போதாவது காது மெத்தை மாற்றினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை என்பதால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். மெத்தை தட்டையாகிவிட்டால் ஒலிபெருக்கி காதுக்கு நெருங்கிவிடும், சத்தத்தின் நிறமே மாறும். புது மெத்தைக்கு ஆகும் செலவு ஒரு 650 விலையில் சின்னத் துண்டு. பல பேர் "அடுத்த மாடல்" என்று தேடிப் போவது, சொந்த ஹெட்போன் புதிதில் எப்படிப் பாடியதோ அதையேதான்.

கடையிலோ நண்பர் வீட்டிலோ 650ஐக் கேட்டுப் பார்க்க வாய்ப்பு வந்தால் ஒலியளவை மட்டும் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுகூட "தெளிவாக இருக்கிறது" என்று தோன்றவைக்கும்.

இப்போது குறைக்கும் வேலை. ஒன்பதையும் கட்டிலில் பரப்பி வைத்து "இதை விற்கலாமா" என்று கேட்காதீர்கள், எதற்கும் மனசு வராது. இதற்குப் பொருளாதாரத்தில் பெயரே இருக்கிறது, உடைமை விளைவு. கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. கோப்பை கையில் இருந்தவர்கள் விற்கக் கேட்ட விலை, இல்லாதவர்கள் வாங்கத் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படியென்றால், மாதக்கணக்கில் விமர்சனம் படித்துத் தேர்ந்தெடுத்த ஹெட்போனுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இது வீட்டில் இல்லை, இதை விற்றால் கிடைக்கும் காசு கையில் இருக்கிறது, இன்றைக்குப் போய் இதையே வாங்குவேனா?

அதற்கும் பதில் வராவிட்டால் ஒட்டுத்தாள்தான். ஒவ்வொன்றின் தலைப்பட்டையிலும் ஒரு துண்டு காகித டேப் ஒட்டி இன்றைய தேதியைப் போடுங்கள், இயர்போன், இயர்பட்ஸ் என்றால் அதன் பெட்டியில் ஒட்டுங்கள். எடுக்கும்போதெல்லாம் பேனாவால் ஒரு கோடு. 30 நாள் கழித்துக் கோடே இல்லாதவை எவை என்று டேப் சொல்லும். சோதனைக்காகவே எடுத்து மாட்டிக் கோடு போட்டுக்கொள்வீர்கள், தெரியும், எல்லாரும் முதல் வாரம் அதைத்தான் செய்வார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து அது தானாக நின்றுவிடும்.

என் ஊகத்தைக் கேட்டால், முதலில் போக வேண்டியது ஹைஃபைமேன். அது கெட்ட ஹெட்போன் என்பதற்காக இல்லை. 25 ஓம்தானே என்று வாங்கியிருப்பீர்கள், ஆனால் அதன் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு வரும் சத்தம், ஒரு மில்லிவாட்டுக்கு 91 டெசிபல்தான். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு திறன் வேண்டும், ஆகவே பாட்டின் உச்சத்தில் 111 டெசிபல் தொட வேண்டுமென்றால் நூறு மடங்கு, அதாவது 100 மில்லிவாட் வேண்டும். ஓம் குறைவு என்றால் ஓட்டுவது சுலபம் என்று நினைத்தவர்கள் எல்லாரும் கடைசியில் போய் நிற்கிற இடம் ஆம்ப் கடை, நீங்களும் அங்கேதான் போயிருக்கிறீர்கள். அந்த ஒரு ஹெட்போன் உங்களிடம் இரண்டு செலவு வாங்கியிருக்கிறது. ஆம்பை வையுங்கள், 600க்கு அது உதவும்.

டிடி 770, எம்50எக்ஸ் இரண்டும் பின்பக்கம் மூடிய வகை, ஒன்று போதும். கண்ணாடி போடுபவரை அழுத்தும் ஹெட்போன் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பெட்டியில்தான் இருக்கும். தவிர டிடி 770 ப்ரோவின் கேபிள் கழற்ற முடியாதது, எம்50எக்ஸின் கேபிள் அறுந்தால் வேறு வாங்கிச் சொருகிவிடலாம். நான் என்றால் டிடி 770ஐ விற்பேன், டேப் வேறு மாதிரி சொன்னால் டேப்பை நம்புங்கள்.

இயர்பட்ஸ் இரண்டும் விற்பனைக் கணக்கிலேயே வர வேண்டாம். பிறர் காதில் கிடந்ததை வாங்க யாரும் அவ்வளவாக முன்வருவதில்லை, உள்ளே இருக்கும் குட்டி பேட்டரியை மாற்றவும் பெரும்பாலும் முடியாது. லித்தியம் பேட்டரி 300, 500 முழுச் சுற்றுக்குப் பிறகு நன்றாகவே தளர்ந்துவிடும், சும்மா டிராயரில் கிடந்தாலும் வயதாகும். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை ரப்பர் முனை மாற்றி வீட்டில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். போர்ட்டா ப்ரோவைத் தொடாதீர்கள். 1984இல் வந்த வடிவம், இன்னும் வந்துகொண்டிருக்கிறது, விற்றால் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது, மடித்தால் பைக்குள் போய்விடும். வயர் இயர்போனும் இருந்துவிட்டுப் போகட்டும், அது இடமும் அடைக்காது காசும் கேட்காது.

விற்கும்போது மற்றவர்கள் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். கேட்கும் விலை வேறு, படிந்த விலை வேறு, விற்று முடிந்தவற்றின் விலையைத் தேடுங்கள். நீங்கள் கொடுத்தது 100 என்றால் 50 வந்தாலே சந்தோஷப்படுங்கள் என்பது என் பழக்கம், அதற்கு மேல் வந்தால் வரவு. மீதி 50 போய்விட்டதே என்று தோன்றும், ஆனால் அது நீங்கள் வாங்கிய அன்றே போனது. படம் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை: ஒரே குரல் நடுவில் ஒலிக்கும் பாட்டைப் போட்டு, ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக் கேளுங்கள். ஒரு பக்கம் சத்தம் குறைந்து, மாற்றி மாட்டியதும் அந்தக் குறை மறு காதுக்குப் போனால் கோளாறு ஹெட்போனில், அல்லது அதைச் சொருகியிருக்கும் கருவியில். அதே காதிலேயே நின்றால் கோளாறு காதில், விற்பதை நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். குறை இருந்தால் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள், அப்புறம் திருப்பி அனுப்பும் செலவும் சண்டையும் மிச்சம்.

தவணை வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்கிறார்கள், ஆனால் பல நேரம் மொத்தமாகக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காது, அந்தத் தள்ளுபடிதான் வட்டி. ஒரு மாதம் தவறி பாக்கி கிரெடிட் கார்டில் நின்றுவிட்டால் கதையே வேறு. மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வருடம் முழுக்கக் குட்டி போட்டால் 42 சதவீதத்தைத் தாண்டும். வீட்டுக்கோ படிப்புக்கோ கடன் வாங்குவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், ஹெட்போனுக்கு ஒரு வரி போதும். விற்றுக் கைக்கு வந்த பணம், அதோடு நீங்கள் சேர்க்கும் சின்னத் தொகை, இவ்வளவுதான் பட்ஜெட். விற்கப்போகும் பணத்தை நம்பி இன்றைக்கே வாங்குவது கணக்கில் வராது.

இந்தப் பணத்தில் முதல் வேலை சோனி. புதிதில் சத்தம் அடக்கியோடு (வெளி இரைச்சலைக் குறைக்கும் வசதி) 30 மணி நேரம் வரும் என்று விற்ற ஹெட்போன், உங்களிடம் எட்டு மணி நேரத்துக்கு இறங்கிவிட்டது. பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள். அதே தரத்தில் புதியது வாங்கும் விலையில் கால்வாசிக்குள் முடிந்தால் மாற்றிவிடுவேன், அதோடு மெத்தையும். தாண்டினால் புதியதைப் பார்க்கலாம், அதுவரை கம்பி சொருகியும் அது பாடும். சத்தம் அடக்கி எனக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். நீங்கள் அலுவலகத்திலேயே வாரம் 20 மணி நேரம் கேட்கிறீர்கள், அப்படியென்றால் உங்கள் வரம்பு 83. சுற்றி இரைச்சல் இருந்தால் கை தானாக வால்யூமை அதற்கு மேல் தள்ளும்.

புதிதாக வாங்கும்படி ஆனால் ஒரு விஷயம் மட்டும்: பேட்டரி உள்ளதைப் பழையதாக வாங்காதீர்கள், வயர் உள்ளதைத் தாராளமாக வாங்கலாம். எடையைப் பாருங்கள், நான்கு மணி நேரம் தலையில் இருக்கப்போவது. கண்ணாடியோடு கால் மணி நேரமாவது மாட்டிப் பாருங்கள், முதல் இரண்டு நிமிடத்தில் எதுவும் வலிக்காது. மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். மற்ற விவரப் பட்டியலை எல்லாம் கடைக்காரர் அவராகவே சொல்வார்.

இதெல்லாம் முடிந்து, 600க்குப் புது மெத்தை போட்டு, ஈக்வலைசரில் விளையாடி, மூன்று மாதம் கழித்தும் 650 ஞாபகம் வந்துகொண்டே இருந்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் 600ஐ விற்று அந்தக் காசு கைக்கு வந்த பிறகு. அதை விற்க மனசு வரவில்லை என்றால், 650 கேள்விக்கான பதில் உங்களிடமே இருக்கிறது. அந்த டேப் துண்டுகளை மனைவியிடம் காட்டி, எதில் எத்தனை கோடு விழும் என்று முன்கூட்டியே அவரை எழுதி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊகத்தைவிட அவருடையது சரியாக இருக்கும் என்பது என் பந்தயம்.